கோப்புப் பெயர்களை மொத்தமாக மாற்றும்போது சிக்கலா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

ஸ்கேன் செய்த பழைய பத்திரிகைப் பக்கங்கள், மூன்று போனிலிருந்து கொட்டிய கல்யாணப் போட்டோக்கள், யாரோ பென்டிரைவில் கொடுத்த பாட்டுகள் என்று நூற்றுக்கணக்கில் ஃபைல்கள் கிடக்கும், எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பெயர் வைக்க வேண்டியிருக்கும். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில், இது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தில் போட்டோ நிரந்தரமாகத் தொலைந்துபோகவும் வழி இருக்கிறது, எம்வி (mv) என்ற பெயர் மாற்றும் கட்டளையால் அழிந்தது குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். பெரும்பாலும் லினக்ஸும் பாஷ் ஷெல்லும்தான் (ஷெல் என்பது நீங்கள் அடிக்கும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்), விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஆங்காங்கே குறிப்பு உண்டு. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழிலேயே தருகிறேன், டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்தை அடியுங்கள்.

பெயர் மாறிவிட்டது, ஆனால் ஃபைல்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது

இதுதான் இருப்பதிலேயே மோசமானது, அதனால் முதலில் இது. உடனே கையை எடுங்கள், அந்த ஃபோல்டரில் வேறு எதையும் செய்யாதீர்கள். நடந்தது இதுதான்: இரண்டு பழைய பெயர்களுக்கு ஒரே புதுப் பெயர் கிடைத்திருக்கிறது, பின்னால் வந்தது முன்னால் வந்ததன் மேல் உட்கார்ந்துவிட்டது. எம்வி இயல்பாக எதுவும் கேட்காது, எந்தச் செய்தியும் காட்டாது.

எப்படி ஒரே பெயர் வரும் என்றால், பல வழி. கேமராக்கள் நாலு இலக்க எண்தான் போடும், 9999 தாண்டினால் திரும்ப 0001. வாட்ஸ்அப் ஒவ்வொரு போனிலும் தேதியைப் போட்டு டபிள்யூஏ0001 என்று தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போகும், ஆகவே அண்ணன் போனிலும் தங்கை போனிலும் அதே நாளில் அதே பெயரில் வெவ்வேறு படம் இருக்கும். எடுத்த நேரத்தை வைத்துப் பெயர் வைத்தால் தாலி கட்டும் நேரத்தில் மடமடவென்று அடித்த படங்கள் எல்லாம் ஒரே விநாடியில் விழும். இன்னொன்று, 1 ஐ 2 ஆகவும் 2 ஐ 3 ஆகவும் தள்ளும் லூப் (ஒரே கட்டளையை ஒவ்வொரு ஃபைலுக்கும் திரும்பத் திரும்ப ஓட்டுவது): 1 போய் 2 ஐ அழிக்கும், அந்தப் புது 2 போய் 3 ஐ அழிக்கும், கடைசியில் முதல் பக்கம் மட்டும் மிஞ்சும். தள்ள வேண்டுமானால் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள், அல்லது அதே ஃபோல்டருக்குள் மாற்றாமல் பக்கத்தில் காலியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் நகர்த்துங்கள். ஒரே டிஸ்க்குக்குள் நகர்த்துவதில் டேட்டா எதுவும் காப்பி ஆகாது, பெயர் மட்டும்தான் மாறும், அதனால் நேரமும் பிடிக்காது.

தடுப்பதற்கு மூன்று காரியம். எம்வியோடு -என் கொடுத்தால் ஏற்கெனவே இருக்கும் ஃபைலைத் தொடாது. ஆனால் எதை மாற்றாமல் விட்டது என்று தெரிய, மாற்றியதை வரி வரியாகக் காட்டும் -வி சேர்த்து, வெளியே வந்த வரிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். --பேக்கப்=நம்பர்ட் கொடுத்தால் பழைய ஃபைலை பெயரின் வாலில் .~1~ ஒட்டி வைத்துக்கொள்ளும், எனக்கு இதுதான் பிடிக்கும். மூன்றாவது, மாற்றுவதற்கு முன்பே புதுப் பெயர்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து, வரிசைப்படுத்தும் சார்ட்டுக்குக் கொடுத்து, அதைத் திரும்ப வரும் வரிகளை மட்டும் காட்டும் யூனிக் -டி (uniq -d) க்குக் கொடுங்கள். ஒரு வரிகூட வரவில்லை என்றால் பட்டியலுக்குள் மோதல் இல்லை. ஒரு வரி வந்தாலும் நிறுத்துங்கள். நேரத்தை வைத்துப் பெயர் வைப்பவர்களுக்கு, போட்டோவுக்குள் பதிந்திருக்கும் தகவலைப் படிக்கும் எக்சிஃப்டூல் இருக்கிறது, அது இருக்கும் ஃபைலை அழிக்காது, தேதி வடிவத்தில் %%-சி என்று சேர்த்தால் மோதும் பெயர்களுக்குத் தானாகவே எண் போட்டுக்கொள்ளும்.

இதெல்லாம் போக, வேலையைத் தொடங்குவதற்கு முன் சிபி -ஏஎல் என்று அந்த ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இது உண்மையில் படங்களைக் காப்பி செய்யாது, அதே டேட்டாவுக்கு இரண்டாவது பெயர் ஒன்றை வைக்கும், ஹார்ட் லிங்க் என்பார்கள். நூறு ஜிபி இருந்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் முடியும், இடமும் ஏறக்குறைய எடுக்காது. எம்வி ஒரு ஃபைலின் மேல் இன்னொன்றை வைக்கும்போது போவது அந்தப் பெயர் மட்டும்தான், இன்னொரு ஃபோல்டரில் அதே டேட்டாவுக்கு வேறு பெயர் இருக்கும்வரை படம் அங்கேயே இருக்கும். பென்டிரைவில் இது நடக்காது, எக்ஸ்ஃபேட், ஃபேட்32 இரண்டிலும் ஹார்ட் லிங்க் கிடையாது. முதலில் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்துவிட்டு அங்கே வேலை பாருங்கள்.

ரீநேம் கட்டளை கொடுத்தேன், எதுவுமே நடக்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை

ரீநேம் என்ற பெயரில் இரண்டு வேறு வேறு நிரல்கள் இருக்கின்றன. பாதிக் குழப்பம் இதனால்தான். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் ரீநேம் பொதியை (பேக்கேஜ்) நிறுவினால் வருவது பெர்ல் என்ற நிரல் மொழியில் எழுதியது, பெர்லை உருவாக்கிய லாரி வால் எழுதியதன் வழித்தோன்றல். அது எஸ்/பழசு/புதுசு/ என்ற வடிவத்தை எதிர்பார்க்கும். ஃபெடோரா, ஆர்ச் இரண்டிலும் அதே பெயரில் இருப்பது யூடில்-லினக்ஸ் பொதியின் நிரல், அதற்கு வெறுமனே பழைய துண்டு, புதுத் துண்டு, அப்புறம் ஃபைல்கள் என்று மூன்றாகக் கொடுக்க வேண்டும்.

உபுண்டுக்காரர் எழுதிய கட்டளையை ஃபெடோராவில் ஒட்டினால் என்ன ஆகும்? எஸ்/பழசு/புதுசு/ என்பதையே தேட வேண்டிய துண்டு என்று அது எடுத்துக்கொள்ளும், முதல் ஃபைலின் பெயரைப் புதுத் துண்டு என்று எடுத்துக்கொள்ளும், மீதி ஃபைல்களில் அப்படி ஒரு துண்டு இல்லாததால் பேசாமல் முடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் நடந்தால் பெர்ல் பெரும்பாலும் பிழைச் செய்தி போட்டுக் கத்தும். ரீநேம் --வெர்ஷன் என்று அடித்து எது இருக்கிறது என்று பாருங்கள். ஃபெடோராவில் பெர்ல் வகை வேண்டுமானால் பிரிநேம் என்ற பெயரிலும், ஆர்ச்சில் பெர்ல்-ரீநேம் என்ற பெயரிலும் கிடைக்கும்.

ஒரு முக்கியமான வித்தியாசம், பலர் கவனிப்பதில்லை: பெர்ல் ரீநேம் ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் எழுத மறுக்கும், அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லும். யூடில்-லினக்ஸ் ரீநேம் கேட்காமல் அழித்துவிடும், -ஓ கொடுத்தால்தான் இருக்கும் ஃபைலைத் தொடாமல் விடும். இரண்டிலுமே -என் என்றால் ஒத்திகை, அதோடு -வி யும் கொடுத்தால் எது எதுவாக மாறும் என்று காட்டிவிட்டு எதையும் தொடாமல் நிற்கும். இங்கே ஜாக்கிரதை, ரீநேமின் -என் ஒத்திகை, எம்வியின் -என் ஒத்திகை இல்லை, அது உண்மையிலேயே நகர்த்தும்.

டார்கெட் ஒரு டைரக்டரி இல்லை என்கிறது

எம்வி *.ஜேபிஇஜி *.ஜேபிஜி என்று அடித்திருப்பீர்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ரென் இதை ஒழுங்காகச் செய்யும், ஏனென்றால் அங்கே நட்சத்திரக் குறியை ரென் கட்டளையே பார்க்கிறது. லினக்ஸில் எம்வி அந்த நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை, ஷெல் முன்னாடியே அதை ஃபைல் பெயர்களாக விரித்துவிட்டுத்தான் எம்வியிடம் தருகிறது. பிழைச் செய்தி வந்தால் சந்தோஷப்படுங்கள். ஃபோல்டரில் முதல் வகையில் ஒன்றும் இரண்டாம் வகையில் ஒன்றும் மட்டும் இருந்திருந்தால் எம்விக்குப் போயிருப்பது வெறும் இரண்டு பெயர், முதலாவது இரண்டாவதை அழித்திருக்கும், செய்தியே வந்திருக்காது. ஃபார் லூப் போட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அல்லது மேலே சொன்ன ரீநேம்.

பெயரில் பாதியை மட்டும் சொல்லி அப்படி ஃபைல் இல்லை என்கிறது

"பக்கம் 12" என்ற ஃபைலுக்கு, பக்கம் என்ற ஃபைல் இல்லை, 12 என்ற ஃபைல் இல்லை என்று தனித்தனியாகப் புலம்பினால் இடைவெளிதான் காரணம். லூப்பில் ஃபைல் பெயரைத் தாங்கி நிற்கும் மாறியை எழுதும் எல்லா இடத்திலும் இரட்டை மேற்கோள் போடுங்கள், "$எஃப்" என்று. பெயர் - குறியில் தொடங்கினால் அதை ஆப்ஷன் என்று நினைத்து இன்வேலிட் ஆப்ஷன் என்று வரும், அதற்கு * என்று எழுதாமல் ./* என்று எழுதினால் போதும்.

பத்தாம் பக்கத்துக்கு 002 என்று எண் விழுந்திருக்கிறது

ஷெல் பெயர்களை எழுத்து வரிசையில்தான் அடுக்கும்: 1, 10, 11, 12, பிறகுதான் 2. லூப்பில் ஓர் எண்ணியை வைத்து வரிசையாக எண் போட்டால் 10 ஆம் பக்கம் இரண்டாவதாக வந்து 002 ஆகிவிடும். ஸ்கேன் செய்த புத்தகத்தில் இது நடந்தால் திரும்ப அடுக்க உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். புதிதாக எண்ணாதீர்கள், பெயருக்குள் ஏற்கெனவே இருக்கும் எண்ணையே எடுத்து முன்னால் பூஜ்யம் சேருங்கள். எண்ணித்தான் ஆக வேண்டுமென்றால் சார்ட் -வி, பெரிய எழுத்து வி, எண்களை எண்களாகவே மதித்து அடுக்கும்.

பூஜ்யம் சேர்ப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. பாஷில் பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டை அடியாகக் கொண்ட எண், ஆக்டல். 08, 09 என்ற பெயர்களிலிருந்து எண்ணை எடுத்து, வடிவமைத்து அச்சிடும் பிரிண்ட்எஃப் கட்டளையில் கொடுத்தால் இன்வேலிட் ஆக்டல் நம்பர் என்று சொல்லிவிட்டு இரண்டுக்குமே 000 என்று தரும். ஒரே பெயர், ஒன்று காலி. அதைவிட மோசம் 010, அது எந்தச் சத்தமும் இல்லாமல் 008 ஆகும். எட்டாம் பக்கத்தின் இடத்தில் பத்தாம் பக்கம் நிற்கும், நீங்கள் படிக்கும்போதுதான் கண்டுபிடிப்பீர்கள். எண்ணுக்கு முன்னால் 10# சேர்த்து $((10#$எண்)) என்று எழுதினால் பத்தை அடியாகவே எடுத்துக்கொள்ளும்.

கண்ணுக்கு ஒரே பெயர்தான், ஆனால் கட்டளை கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும், இதைப் பற்றி எழுதியிருப்பவர்களும் குறைவு. ஃபோல்டரில் "போட்டோ" என்று தொடங்கும் ஃபைல் இருக்கிறது, போட்டோ* என்று அடிக்கிறீர்கள், அப்படி எதுவும் இல்லை என்கிறது. சில சமயம் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் உட்கார்ந்திருக்கும்.

யூனிகோடில் ஓகாரத்தை இரண்டு விதமாக எழுத முடியும். ோ என்று ஒரே குறியாக, அல்லது ே, ா என்று இரண்டு குறியாக. ொ, ௌ இரண்டுக்கும் இதே கதை. திரையில் கொஞ்சமும் வித்தியாசம் தெரியாது. பைட்டில் தெரியும்: தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 இல் 3 பைட். "போட்டோ" ஒரு விதத்தில் 6 குறி, 18 பைட், இன்னொரு விதத்தில் 8 குறி, 24 பைட். பெயரை பிரிண்ட்எஃப் '%எஸ்' க்குக் கொடுத்து அதைப் பைட்டை எண்ணும் டபிள்யூசி -சி க்கு அனுப்புங்கள், 24 வந்தால் பிரிந்த வடிவம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்+ ஃபைல் அமைப்பு எல்லாப் பெயரையும் பிரித்துத்தான் சேமித்தது, அந்தக் காலத்து மேக்கில் கட்டிய ஜிப் ஃபைல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸின் எக்ஸ்ட்4 இயல்பாகப் பைட்டை மட்டும்தான் பார்க்கும், இரண்டும் அதற்கு வேறு வேறு பெயர்.

சேர்ப்பதற்கு கான்வ்எம்வி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி -ஆர் . என்று கொடுத்தால் (இங்கே -டி என்பது t) எதை மாற்றப்போகிறது என்று காட்டும், அதுவே ஒத்திகைதான். சரியாக இருந்தால் --நோடெஸ்ட் சேர்த்துத் திரும்ப ஓட்டுங்கள்.

கான்வ்எம்வியாலும் தீராதவை சில உண்டு. "கௌ" என்பதற்குப் பதில் கொம்பு போட்டுப் பக்கத்தில் ள என்ற எழுத்தை அடித்து "கெள" என்று வைத்திருப்பார்கள், கௌரி, கௌசல்யா என்று பெயருள்ள வீட்டு ஆல்பங்களில் இது சாதாரணம். ஸ்ரீ இன்னொன்று: ஸ் போட்டும் எழுதலாம், 2005 இல் யூனிகோடில் சேர்ந்த ஶ போட்டும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. இவை எழுத்தே வேறு என்பதால் நீங்கள்தான் ஒன்றை முடிவு செய்து ரீநேமில் மாற்ற வேண்டும். இணையத்திலிருந்து பெயரைக் காப்பி செய்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகளும் உள்ளே வந்திருக்கும், பைட் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மூன்று கூடுதலாக இருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

தமிழ்ப் பெயர் முழுக்க அடிக்கோடாக மாறிவிட்டது, அல்லது புள்ளியும் கொம்பும் காணோம்

இடைவெளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் நீக்கிச் சுத்தம் செய்யலாம் என்று, எழுத்தும் எண்ணும் தவிர மற்றதை அடிக்கோடாக்கு என்று ஒரு பேட்டர்ன் கொடுத்திருப்பீர்கள். பெர்ல் ரீநேம் சும்மா ஓடும்போது பைட்டாகத்தான் பார்க்கிறது, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று அடிக்கோடாகும். அதன் புதிய பதிப்புகளில் -யூ யூடிஎஃப்8 கொடுக்கலாம். பைத்தானில் எழுதிய ஸ்கிரிப்ட் என்றால் வேறு மாதிரிக் கெடும்: அதன் ஆர்இ நூலகத்தில் எழுத்தைக் குறிக்கும் \டபிள்யூ, தமிழ் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது, "தமிழ்" என்பதில் த, ம, ழ மட்டும் மிஞ்சும். எழுத்துக்கு எழுத்து மாற்றும் டிஆர் கட்டளையும் பைட் பைட்டாகத்தான் மாற்றும், தமிழ் எழுத்தை அதில் கொடுத்தால் பெயர் கேள்விக்குறிக் குப்பையாகிவிடும். என் யோசனை, எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லாதீர்கள், எதை நீக்க வேண்டும் என்று சொல்லுங்கள். இடைவெளி, அடைப்பு, கமா என்று பெயர் சொல்லி நீக்கினால் தமிழுக்கு எதுவும் ஆகாது.

டெர்மினலில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் மட்டும் பயப்பட வேண்டாம், பல டெர்மினல்களுக்குத் தமிழைச் சரியாக வரையத் தெரியாது. ஃபைல் மேனேஜரில் திறந்து பாருங்கள், அங்கே சரியாக இருந்தால் பெயர் சரியாகத்தான் இருக்கிறது.

ஃபைல் நேம் டூ லாங்

லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். தமிழில் அது 85 குறி, புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதை நினைவில் வையுங்கள், பெயரின் வாலில் வரும் .ஜேபிஜி யும் இதில் சேர்த்தி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் குறியை எண்ணி 255 வரை விடும், அதனால் அங்கே சௌகரியமாக இருந்த நீளத் தலைப்பு லினக்ஸுக்குக் காப்பி ஆகும்போது மாட்டும். ஈகிரிப்ட்எஃப்எஸ் என்ற மறையாக்க முறையால் பூட்டிய ஹோம் ஃபோல்டர் என்றால் 143 பைட்தான், 47 குறி.

ஆர்கியுமென்ட் லிஸ்ட் டூ லாங் என்று வந்தால் அது வேறு. நட்சத்திரம் விரிந்து வரும் பெயர்கள் மொத்தமாக ஓர் அளவைத் தாண்டக் கூடாது, லினக்ஸில் வழக்கமாக 2 எம்பி. ஃபார் லூப்புக்கு இந்த வரம்பு இல்லை, அதற்குள் எம்வி ஒவ்வொரு ஃபைலாகத்தான் ஓடுகிறது.

பட்டியலை வைத்து மாற்றினேன், எல்லாப் பெயரின் வாலிலும் ஏதோ ஒட்டியிருக்கிறது

பழைய பெயர், டேப், புதுப் பெயர் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் செய்து அதை வரி வரியாகப் படித்து மாற்றுவது நல்ல முறை, நான் எப்போதும் சொல்வதும் இதைத்தான், மாற்றியதைத் திருப்பவும் அதே பட்டியலில் இரண்டு பத்தியையும் இடம் மாற்றினால் போதும். ஆனால் பட்டியலை விண்டோஸில் செய்திருந்தால் வரியின் முடிவில் கூடுதலாக ஒரு குறி இருக்கும், அது புதுப் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் பெயரை மேற்கோளுக்குள் போட்டு முடிவில் \ஆர் என்று காட்டும், படமும் திறக்காது. வரி முடிவைச் சரிசெய்யும் டாஸ்2யூனிக்ஸ் வழியாகப் பட்டியலை ஒருமுறை அனுப்புங்கள். எல்லாம் சரி, முதல் ஃபைல் மட்டும் இல்லை என்கிறதா? பட்டியலின் தொடக்கத்தில் பாம் என்ற மறைகுறி இருக்கிறது, எக்செல்லில் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று சேமித்தால் இது வரும், அதையும் டாஸ்2யூனிக்ஸே எடுத்துவிடும்.

விண்டோஸ் பவர்ஷெல்: முன்னொட்டு ஒரு தடவைக்குப் பதில் பல தடவை ஒட்டிவிட்டது

கெட்-சைல்ட்ஐட்டம் ஃபைல்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது ரீநேம்-ஐட்டம் பெயரை மாற்றிக்கொண்டே போகிறது, மாறிய ஃபைல் புது ஃபைலாகத் திரும்ப வரிசையில் வந்து நிற்கிறது. முதல் பகுதியை ( ) அடைப்புக்குள் போட்டால் பட்டியல் முழுவதையும் எடுத்து முடித்த பிறகுதான் மாற்றத் தொடங்கும். -வாட்இஃப் கொடுத்தால் ஒத்திகை. பெயரில் [ ] இருந்தால் -லிட்டரல்பாத் வேண்டும், இல்லாவிட்டால் அதைப் பேட்டர்ன் என்று நினைத்து ஃபைலைத் தாண்டிவிடும்.

பெயரெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாக இருக்கிறது, நடுவில் அரைப்புள்ளிகள்

பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஃபைல்களில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறி வரிசையாக இருந்தால் அது "தமிழ்", பாமினி எழுத்துருவின் விசைப்படி அடித்தது. பாமினியில் புள்ளிக்குரிய விசை அரைப்புள்ளி, ஷெல்லுக்கோ அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அர்த்தம். மேற்கோள் இல்லாமல் பெயரை டெர்மினலில் ஒட்டினால் பெயரின் பின்பாதியைக் கட்டளை என்று எண்ணி ஓட்டப் பார்க்கும். எல்எஸ் வழியாகப் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எடுத்து, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் ஏதாவது ஒரு மாற்றியில் கொடுத்து, பேஸ்ட் கட்டளையால் பழைய பட்டியலையும் புதுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். மாற்றிக்குள் போகும்போது .டாக், .ஜேபிஜி போன்ற வால்களும் தமிழாகிவிடும், அதனால் வாலை வெட்டிவிட்டுக் கொடுத்துப் பிறகு சேருங்கள். வரி எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதானா என்று டபிள்யூசி -எல் அடித்துப் பார்த்துவிட்டு, ரீட் -ஆர் போட்ட லூப்பில் எம்வி -என்வி -- என்று ஓட்டுங்கள்.